வழியில் உதவியவர்களுக்கு எழுதும் கடிதம்

நெடுநடையில் தண்ணீர் கொடுத்தவர், கால் கொப்புளத்துக்கு டேப் ஒட்டிவிட்டவர், தப்பான கிளைப்பாதையில் திரும்பும்போது கூப்பிட்டு நிறுத்தியவர் என்று எத்தனை பேர்! நடை முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் முகம் நினைவிருக்கும், பெயர் இருக்காது. அன்றன்று இரவே பெயர், இடம், செய்த உதவி மூன்றையும் குறித்துவிடுங்கள். உள்ளங்கை அளவு நோட்டு போதும். ஜிப் கவரில் வையுங்கள், சட்டைப்பையில் வியர்வையே நனைத்துவிடும். மைப்பேனா, ஜெல் பேனா எழுத்து பெரும்பாலும் ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. முகவரியை அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். காதால் கேட்டு எழுதினால் கதவு எண்ணில்தான் பிழை வரும்.

கடிதத்தில் வெறும் ‘உதவிக்கு நன்றி’ என்பது போதாது. அந்த டேப் எதுவரை தாங்கியது என்று எழுதுங்கள். ஒட்டியவருக்கு அதுதான் உண்மையான சந்தோஷம். முகவரி கிடைக்காதவர்களுக்கு, எதிர்த்திசையில் நடந்து வருபவரிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பலாம்.