உத்திரத்தை இறக்க எத்தனை ஆள் வேண்டும்

போன மாதம் கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டைப் பிரித்தார்கள். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில், மராமத்து பார்க்க யாருக்கும் தெம்பில்லை, கடைசியில் மரம் முழுவதையும் எங்கள் கடைக்கே பேசி முடித்துவிட்டார்கள் (காரைக்குடியில் பழைய தூண், கதவு, நிலை வாங்கி விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன்). அளவு குறித்துக்கொள்ள நானும் போயிருந்தேன். வளவுக்கு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு) மேலே இருந்த ஒரு உத்திரம், பர்மா தேக்கு, அதை இறக்க சாரம் கட்டி, கப்பி போட்டு, வடத்தைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர். பாதியில் ஒருவர் கை நழுவ, மேஸ்திரி போட்ட சத்தத்தில் முற்றத்துப் புறாவெல்லாம் பறந்துவிட்டது. தரையில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு பைபிளில் மத்தேயு 7 உறைத்தது. "உன் கண்ணிலிருக்கிற உத்திரம்" என்று சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஏதோ கொஞ்சம் பெரிய குச்சி என்றே மனதில் இருந்தது. சொன்ன இயேசு தச்சன் வீட்டுப் பிள்ளை, உத்திரத்தின் கனம் அவருக்குத் தெரியும். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒருவன் அடுத்தவன் கண்ணில் துரும்பெடுக்கப் போகிறான் என்றால், கேட்டவர்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். எங்கள் சபையில் அந்த வசனத்துக்கு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினோரு வருஷம் முன்பு எங்கள் சபைப் பெண் ஒருத்தி, கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பம். பையனும் கிறிஸ்தவன்தான், வேறு ஊர்ச் சபை. அவசரமாகக் கல்யாணம் முடிந்தது. அப்புறம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி கூடியது. ஆறு மாதம் திருவிருந்து (ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும்) கிடையாது, ஒரு ஞாயிறு ஆராதனையில் சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம். மினிட்ஸ் நோட்டில் அதை எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர், எல்லாம் ஒழுங்காக எழுதினேன்.

அந்த ஞாயிறு அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே எழுதிக் கொடுத்த தாளை வாசித்தாள். மூன்றாவது வரிக்கு மேல் குரல் வரவில்லை. ஆயர்தான் மீதியை வாசித்து முடித்தார். அவள் புருஷனுக்கு அவன் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. வயிறு தெரிந்தால்தானே கமிட்டி கூடும்.

தீர்மானத்தை முன்மொழிந்தவர் வட்டிக்கு விடுகிறவர். நூற்றுக்குப் பத்து, மாதத்துக்கு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் அதற்கெதிராகச் சட்டமே இருக்கிறது. கமிட்டியில் அன்றைக்கு எல்லோரும் 1 கொரிந்தியர் 5-ஐத்தான் (கொரிந்து ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதல் கடிதம்) விரித்து வைத்திருந்தார்கள். அதே அதிகாரம் 11-ம் வசனத்தில் பவுல் விபசாரக்காரனோடு நிறுத்தவில்லை. பொருளாசைக்காரன், வாய்க்கு வந்தபடி திட்டுகிற உதாசினன், குடிவெறியன், கொள்ளைக்காரன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட வேண்டாம் என்கிறார். அந்தப் பட்டியலை முழுசாக வாசித்திருந்தால் அன்றைக்குத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் மிஞ்சியிருக்குமா தெரியாது. நானும் சேர்த்துத்தான். கணக்குப்பிள்ளைக்கு என்ன பொருளாசை என்று கேட்காதீர்கள்.

இப்படி எழுதினால் உடனே ஒரு தம்பி வருவார், "அண்ணே, அப்போ சபையில் ஒழுங்கே வேண்டாமா, யாரையும் நியாயந்தீர்க்கக் கூடாதா" என்று. வேண்டும் தம்பி. பவுல் கண்டித்தது தகப்பனுடைய மனைவியை வைத்திருந்த ஒருவனை, அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்த சபையை. வாயை மூடிக்கொண்டிருப்பது அன்பு இல்லை. போதகரே பிள்ளைகளிடம் தவறாக நடந்தால் அங்கே "நியாயந்தீர்க்காதிருங்கள்" என்று வசனம் சொல்கிறவனைப் போல அயோக்கியன் கிடையாது. அதற்குக் கமிட்டியும் போதாது, 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவன் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். மூப்பர் பாவம் செய்தால் எல்லோர் முன்பும் கடிந்துகொள் என்று 1 தீமோத்தேயு 5-ல் இருக்கிறது. எங்கள் பக்கம் நடப்பது தலைகீழ். மேலே இருப்பவருக்கு மூடிய அறை, இருபது வயதுப் பெண்ணுக்கு மைக்.

மத்தேயு 18-ல் முதல் படி என்ன? "நீயும் அவனும் தனித்திருக்கையில்" போய்ப் பேசு. அவள் வீட்டுக்கு யார் போனோம்? ஒருத்தரும் போகவில்லை. நேராகக் கடைசிப் படிக்குத் தாவினோம். கொரிந்துவில் தண்டனை கிடைத்த ஒருவனைப் பற்றி இரண்டாவது கடிதத்தில் பவுல் எழுதுகிறார்: போதும், மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோவான். முதல் கடிதத்தில் வெளியே தள்ளச் சொன்ன அதே ஆள்தான் இவன் என்று பழைய உரைகாரர்கள் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டாவது கடிதம் எங்கள் கமிட்டிக்கு வந்து சேரவே இல்லை போலிருக்கிறது.

தேவகோட்டையில் எனக்கு ஒரு கத்தோலிக்க நண்பர். அவர்கள் பக்கமும் கதை பெரிதாக வித்தியாசமில்லை. கோர்ட்டில் விவாகரத்து வாங்கி மறுமணம் செய்யாமல் இருக்கும் பெண் நற்கருணை (எங்கள் பக்கம் திருவிருந்து என்பது) வாங்கலாம், விவாகரத்து ஒன்றுக்காக அவளைத் தடுக்கத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் அவருடைய அக்கா ஊர் வாய்க்குப் பயந்து பல வருஷம் பின் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாராம். அவரோடு ஒருமுறை ஓரியூர் போயிருந்தேன். சேசு சபைப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693-ல் வெட்டுப்பட்ட இடம். அந்தப் பக்கத்துத் தலைவர் தடியத்தேவர் அவரால் மனம் மாறி ஞானஸ்நானம் வாங்கி ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார், அதில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு, அவள் முறையிட்டதில்தான் விவகாரம் முற்றியது. புனிதர் புனிதர்தான். ஆனால் அந்தச் சிவப்பு மண்ணில் நிற்கும்போது என் புத்தி அனுப்பப்பட்ட அந்தப் பெண்கள் மேலேதான் போனது. எங்கே போனார்கள், யார் சோறு போட்டார்கள் என்று நண்பரிடம் கேட்டேன். அவர் மெழுகுவர்த்தி வாங்கப் போய்விட்டார்.

எங்கள் மினிட்ஸ் நோட்டை இரண்டு வாரம் முன்பு எடுத்துப் பார்த்தேன். தீர்மானம் இருக்கிறது, என் கையெழுத்தில். ஆறு மாதம் முடிந்து அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதாக ஒரு வரி இல்லை. யாரும் கூட்டம் போடவில்லை. அவளும் வரவில்லை.

போன வாரம் சந்தையில் பனங்கிழங்கு வாங்கிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் பையன். அவள்தான் முதலில் பார்த்தாள். "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றாள். இருக்கேம்மா என்றேன். பையனுக்கு என்ன வயது என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. நோட்டில் இருக்கும் தேதியிலிருந்து எண்ணினாலே வந்துவிடும்.