நோட்டில் இருந்தது, ரிப்போர்ட்டில் வராதது

கோர் ஷெட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கொட்டகை, உள்ளே வரிசையாக மரப்பெட்டிகள். துளையிட்டு எடுத்த பாறைத் தண்டுகளை, அதாவது கோரை, பெட்டிக்குள் ஆழ வரிசைப்படி அடுக்கி வைப்போம். நிலவியலாளன் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, லென்ஸ் வைத்துப் பார்த்து ஒவ்வொரு மீட்டராக எழுத வேண்டும். வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், இமயமலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் நீர்மின் சுரங்கத்துக்காக அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

துளைபோடும் ரிக்கை ஓட்டியவர் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் வண்டியோடு பாதி இந்தியாவைச் சுற்றிவிட்டு கோர் டிரில்லிங்குக்கு வந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். பாறையின் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் துளைக்குள் இறங்கும் ராடின் சத்தத்திலும், திரும்பி வரும் தண்ணீரின் நிறத்திலும் கீழே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

71 மீட்டர் வரை குவார்ட்சைட் என்னும் கெட்டியான பாறை. அதன்பின் நான்கு மீட்டருக்குத் தண்டே வரவில்லை. வந்ததெல்லாம் கறுப்புக் களிமண்ணும் கைக்குள் நொறுங்கும் சில்லுகளும்தான். 75க்குக் கீழே ஸ்லேட், தகடு தகடாக உரியும் பாறை. எங்கள் மேலதிகாரியான பெரியவர் வரைந்து ஒப்புதல் வாங்கியிருந்த குறுக்குவெட்டுப் படத்திலோ, குவார்ட்சைட் அழகாக வளைந்து ஒரே மடிப்பாக இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் ஸ்லேட்டுக்கு இடமே இல்லை.

பெரியவரிடம் பெட்டியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "பிட் தேஞ்சிருக்கும். கோர் லாஸ்னு போட்டுடு" என்றார்.

போட்டேன். அது பொய்கூட இல்லை, கோர் வரவில்லைதானே. ஸ்லேட்டை அடைப்புக்குறிக்குள் சின்னதாக எழுதினேன். என் ஃபீல்டு நோட்டில் மட்டும் 71க்கும் 75க்கும் நடுவே ஒரு கோடு போட்டு, மேலே ஒரு அம்பு, கீழே எதிர்த்திசையில் ஒரு அம்பு வரைந்தேன். மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் நகர்ந்து ஏறியிருக்கிறது என்று அர்த்தம். த்ரஸ்ட் என்போம்.

அர்னால்ட் எஷர் என்ற ஸ்விஸ் நிலவியலாளரைப் பற்றிக் கல்லூரியில் ஒரு வாத்தியார் போகிறபோக்கில் சொன்னதுண்டு. அன்றிரவு கூடாரத்தில் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

எஷர் 1807இல் சூரிச்சில் பிறந்தவர். அவர் தந்தை ஹான்ஸ் கொன்ராட் எஷர், வெள்ளமும் சதுப்புமாகக் கிடந்த லின்த் ஆற்றை வாலன் ஏரிக்குத் திருப்பிவிட்டுச் சமவெளியைக் காப்பாற்றியவர். அந்த வேலை தொடங்கியதும் அதே 1807இல்தான். நன்றிக்கடனாகக் குடும்பப் பெயரோடு 'லின்த்' ஒட்டிக்கொண்டது. மகன் அந்த ஆற்றின் தலைப்பக்கம் ஏறினார், கிளாரஸ் மலைகளுக்கு.

அங்கே மலைச்சுவரின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, கிலோமீட்டர் கணக்கில். கோட்டுக்கு மேலே வெருகானோ என்னும் பச்சையும் சிவப்புமான பாறை, வயது 25 கோடி ஆண்டுக்கு மேல். கோட்டுக்குக் கீழே கறுத்த ஸ்லேட். எங்கி ஊரில் வெட்டி எடுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதும் பலகையாகச் செய்த அதே சரக்கு, நம் ஊர் சிலேட்டின் ஐரோப்பிய ஒன்றுவிட்ட தம்பி. அதற்குள் அகப்பட்ட மீன் புதைபடிவங்களின் வயது சுமார் 3 கோடி ஆண்டுதான். அதாவது தாத்தா பேரன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

எஷர் 1840களிலேயே இதைப் பார்த்துவிட்டார். மாபெரும் மேல்நகர்வு என்றும் சொன்னார். பிரிட்டனின் பெரிய நிலவியலாளர் மர்ச்சிசனை மலைக்கே கூட்டிப்போய்க் காட்டினார், அவரும் ஒத்துக்கொண்டார். ஆனால் விரிவாக எழுதி வெளியிடச் சொன்னால் எஷர் தயங்கினார். யாரும் நம்பமாட்டார்கள், என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்றாராம். ஒரு மலைத்தொடரே கிடைமட்டமாகப் பல கிலோமீட்டர் நகர வேண்டும். எந்த விசை நகர்த்தும்? அன்றைக்கு அதற்குப் பதில் கிடையாது. கடைசியில் 1866இல் அச்சில் வந்தது வேறு கதை: வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று என இரண்டு மடிப்புகள் எதிரெதிராகக் கவிழ்ந்து படுத்திருக்கின்றன. இரட்டை மடிப்பு. மடிப்பு என்றால் எல்லோருக்கும் பழகிய சொல், யாரும் திடுக்கிட மாட்டார்கள்.

1872இல் எஷர் இறந்தார். அவருடைய பேராசிரியர் நாற்காலி அவர் மாணவர் ஆல்பெர்ட் ஹைமுக்குப் போனது, இருபத்து மூன்று, நாலு வயதுப் பையன். எஷர் அச்சில் விட்டுப்போனது கொஞ்சம், நாட்குறிப்புகளும் படங்களும் ஏராளம். ஹைம் அபாரமான ஓவியக்காரர், ஓயாமல் நடந்தவர். 1878இல் மலை உருவாக்கம் பற்றிய பெரிய நூலில் இரட்டை மடிப்பை அத்தனை நேர்த்தியாக வரைந்துவைத்தார். கோட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய சுண்ணாம்புப் பட்டையைக்கூட, மடிப்பின் நடுப்பகுதி நசுங்கி மிஞ்சியது என்று விளக்கினார். எதற்கும் விளக்கம் கிடைத்துவிடுகிற கருத்துகளிடம் எனக்கு இப்போதெல்லாம் ஒரு பயம் உண்டு.

1884இல் பிரான்சின் நிலவியலாளர் மார்செல் பெர்ட்ரான், கிளாரஸ் பக்கம் காலே வைக்காமல், ஹைம் எழுதியதை வைத்தே சொன்னார்: இரண்டு மடிப்பு வேண்டாம், தெற்கிலிருந்து நகர்ந்து வந்த ஒரே பாறைத் தகடு போதும். ஹைம் ஏற்கவில்லை. ஏறத்தாழ பதினெட்டு வருடம் கழித்து, 1902வாக்கில்தான் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். அந்தத் தகடு நகர்ந்த தூரம் குறைந்தது 35 கிலோமீட்டர் என்று இன்று சொல்கிறார்கள்.

ஆசானுக்கு விசுவாசமாக ஹைம் இத்தனை காலம் காவல் காத்தது ஆசானின் அச்சிட்ட கருத்தை. ஆசான் மலையில் நின்று கண்ணால் கண்டது வேறு. இந்த முடிச்சை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், சங்கடமும் வரும்.

எங்கள் சுரங்கம் ஒன்றரை வருடம் கழித்து அந்த இடத்தை எட்டியது. முகப்பிலிருந்து சேறும் தண்ணீரும் பீறிட்டு வந்தன. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வேலை இரண்டு மாதம் நின்றது. 'எதிர்பாராத நிலவியல் சூழல்' என்று கடிதம் போனது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்தது நான்தான். நோட்டு என் பெட்டியில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

பிற்பாடு ஒருமுறை வேலையாகச் சூரிச் போனபோது, ஒருநாள் மிச்சம்பிடித்து ரயிலேறி ஷ்வாண்டனில் இறங்கினேன். ஊருக்குப் பக்கத்தில் லோக்சைட் என்ற இடத்தில் அந்தக் கோட்டைக் கையால் தொடலாம். மேலே வெருகானோ, கீழே ஸ்லேட், நடுவே அந்த வெளிறிய சுண்ணாம்புப் பட்டை. பட்டைக்குள் கத்தியால் கீறியது போல ஒரு வெட்டு. கட்டைவிரலை அதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

எஷரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பார்த்ததைச் சொன்னார், நண்பர்களை அழைத்துவந்து காட்டினார். எப்படி நகர்ந்தது என்று கேட்டால் பதில் இல்லாததால்தான் தயங்கினார் என்றே நினைக்கிறேன். என் கதை அப்படியல்ல. த்ரஸ்ட் என்ற சொல் பாடப்புத்தகத்திலேயே இருந்தது, இமயமலை முழுக்க அதுதான். இரண்டாவது துளை போடலாம் சார் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதிகபட்சம் ஒரு திட்டு விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பென்சில் கோடு மங்கியிருந்தது, இரண்டு அம்புகளும் தெரிந்தன. சுற்றிலும் ஆழம், நிறம், சாய்வு எல்லாம் ஆங்கிலத்தில். ஓரத்தில் மட்டும், அன்றைக்கு ரிக்கின் பக்கத்தில் நின்று அண்ணன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்: "தம்பி, இந்த எடத்துல ராடு தானா எறங்குது. தண்ணியும் திரும்பி வரல." அந்தப் பக்கத்தில் தமிழில் இருப்பது அது ஒன்றுதான்.