கோடையில் இஞ்சி சோடா: நொதிப்பு கட்டுக்குள் நிற்க

இஞ்சி சோடா புளிக்கவைக்கக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதியவை. ஒரு வாரம் பொறுங்கள் என்பார்கள். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வீட்டுக்குள்ளேயே 34, 35 டிகிரி நிற்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு வருகிற கோளாறுகள்தான் இதிலும் வரும். ஆனால் நம்மூரில் உறை (நொதிப்பைத் தொடங்கிவைக்கும் இஞ்சி-சீனிக் கலவை) எழும்பாமல் போவதைவிட, எழும்பியது நில்லாமல் ஓடுவதே பெரிய தொல்லை.

முதலில் உறை. காய்ச்சி ஆறிய தண்ணீர் 300 மில்லி, தோல் சீவாமல் துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி. கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டி, தினம் இரண்டு முறை கிளறி, அதே அளவு இஞ்சியும் சீனியும் நாள்தோறும் சேர்க்க வேண்டும். கோடையில் மூன்றாம் நாளே கிளறும்போது சுர்ரென்று நுரைக்கும். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் ஐந்து, ஆறு நாள்கூட ஆகும்.

நுரைக்கவில்லை என்றால் மூன்று இடத்தில் பார்க்கலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தால் அதிலுள்ள குளோரின் ஈஸ்ட்டை அடக்கியிருக்கும். தோலை வழித்தெடுத்திருந்தால் ஈஸ்ட்டில் பெரும்பங்கு தோலோடு போயிருக்கும். சுக்கு போட்டிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை, பச்சை இஞ்சிதான் வேண்டும். உறைக்குக் கருப்பட்டியும் வேண்டாம். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். அதன் மிச்சம் கருப்பட்டியிலும் கொஞ்சம் தங்கும். பலமில்லாத புது உறைக்கு அது ஒத்துக்கொள்ளாது.

சோடாவுக்குக் கருப்பட்டி தாராளமாகப் போடலாம், ருசியே அதில்தான். 2 லிட்டருக்கு உடன்குடிக் கருப்பட்டி 150 கிராம், நசுக்கிய இஞ்சி 75 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மண் அடியில் தங்கியதும் துணியில் வடிகட்டி, காய்ச்சி ஆறிய தண்ணீர் இன்னொரு லிட்டர் சேர்க்க வேண்டும். இரண்டு எலுமிச்சம்பழச் சாறு கட்டாயம். சுண்ணாம்பின் காரத்தை அது முறிக்கும், வேண்டாத கிருமிகளையும் தள்ளிவைக்கும். கை வைத்தால் சூடே தெரியாத பதத்துக்கு ஆறியபின்தான் வடிகட்டிய உறை 120 மில்லி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பாட்டிலில் காற்றே ஏறாத கேஸ்களில் பாதி இதுதான், மீதி மூடி இறுகாதது.

இனிதான் கவனம் வேண்டிய இடம். ஒரு லிட்டரில் 4 கிராம் சீனி புளித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு வரும். கடைச் சோடாவின் வேகத்துக்கு 15 கிராம் புளித்தால் போதும். நாம் போட்டிருப்பதோ லிட்டருக்கு 75 கிராம். பீரில் புளிக்க வேண்டியதெல்லாம் முதலிலேயே புளித்துவிடும், பிறகு அளந்துபோட்ட சீனியோடு பாட்டிலில் அடைப்பார்கள். இஞ்சி சோடாவில் இனிப்பு மிஞ்ச வேண்டும் என்பதால் நடுவழியில் நிறுத்துகிறோம். நிறுத்தக் குளிரைத் தவிர வீட்டில் வேறு வழியில்லை.

நிறுத்தத் தவறினால் வாயு மிஞ்சிப் பாட்டில் வெடிக்கும். ஆகவே கண்ணாடி பாட்டில் கூடாது, கோலி சோடா பாட்டிலும் கூடாது. காலி பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான் சரி; தண்ணீர் பாட்டில் மெலிசு, தாங்காது. கழுத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடி, அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி, மேலே ஈரத்துணி சுற்றுங்கள். காற்று வறண்டிருக்கும் நாளில் சில டிகிரி இறங்கும். சாரல் ஈரத்தில் இது வேலை செய்யாது, அப்போது தேவையும் இல்லை. வெப்பம் இறங்கினால் வேகம் மட்டுமல்ல, ருசியும் தேறும். 35க்கு மேல் ஓடிய சோடாவில் பெயிண்ட் தின்னர் மாதிரி ஒரு வாடை வரும், பிறகு போகாது.

கோடையில் எட்டு மணி நேரத்திலிருந்தே பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். விரலுக்குக் கல்லுபோல் இருந்தால் உடனே பிரிட்ஜ். ஏழெட்டு மணி நேரம் குளிர்ந்தபின் திறந்தால் வாயு நீரிலேயே நிற்கும். சூட்டோடு திறந்தால் பாதி சோடா கூரையில். குளிரிலும் நொதிப்பு மெல்ல நடக்கும், அதனால் ஒரு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும். நீண்ட கரண்ட் கட் வந்தால் மூடியை லேசாகத் திருகிக் காற்றை விட்டு மறுபடி இறுக்குங்கள். இந்த அளவு புளிப்பிலேயே ஆல்கஹால் 1 சதவீதத்தை நெருங்கும். பிள்ளைகளுக்குச் சும்மா சோடா என்று கொடுக்க வேண்டாம்.

மற்றவை சில்லறைக் கோளாறுகள். உறையின்மேல் மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் எடுத்துப்போட்டுவிட்டு அடிக்கடி கிளறலாம். பச்சை, கறுப்பு, பஞ்சு மாதிரி பூஞ்சை என்றால் மொத்தத்தையும் கொட்டுங்கள், மேலாக வழிப்பது போதாது. எண்ணெய்போல் கொழகொழப்பாக இழுத்தால் சீனியைப் பசையாக்கும் பாக்டீரியா முந்திக்கொண்டது என்று பொருள். அதில் பாதியைக் கொட்டிவிட்டு, புது இஞ்சியும் கொஞ்சம் எலுமிச்சையும் போட்டு இரண்டு நாள் நிழலில் வைத்தால் பெரும்பாலும் தெளியும். அழுகிய முட்டை வாடை ஈஸ்ட் பசித்திருப்பதன் அடையாளம், புது இஞ்சி போட்டால் அடங்கும். காடி வாடை வந்துவிட்டால் திருப்ப முடியாது, ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சோடாவுக்கு எடுத்துவைத்த உறையைப் பிரிட்ஜில் வைத்து, வாரம் ஒருமுறை ஒரு கரண்டி இஞ்சியும் சீனியும் போட்டு வந்தால் போதும். சோடா போடும் முந்தின நாள் வெளியே எடுத்துத் தீனி போட்டு, நுரைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.