65 வயதில் மெடிகேர்: ஏஜென்ட் சொன்னதை நம்பி நான் பட்ட பாடு

2024 அக்டோபரில் எனக்கு 65. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும் வயது. நியூஜெர்சியில் 28 வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கானது) இலவசம். பார்ட் பி (டாக்டர் செலவுக்கானது) பதிவும் சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் அரை மணியில் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

தெரிந்தவர் சொல்லி ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். நம்ம பாஷை பேசுகிறவர். "சார், பிரீமியம் பூஜ்யம். பல், கண் எல்லாம் உண்டு. உங்க ஹார்ட் டாக்டரும் இந்தக் கம்பெனி கார்டை வாங்குறார்" என்றார். நம்பி, அரசு மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்தும் 'அட்வான்டேஜ்' திட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். பார்ட் பி-க்கு மாதாமாதம் கட்டுவது (2025-இல் 185 டாலர்) அப்படியேதான் இருக்கும் என்பதை அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

ஜனவரியில் டாக்டரிடம் போனால், கவுன்டர் பெண் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கம்பெனியோட பி.பி.ஓ. எடுப்போம். இது எச்.எம்.ஓ., எடுக்கறதில்லை." எச்.எம்.ஓ. என்றால் பெரும்பாலும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள டாக்டர்களிடம் மட்டும்தான் போக முடியும்; பி.பி.ஓ.-வில் செலவு கூடினாலும் வெளி டாக்டரிடமும் போகலாம். எனக்கு இரண்டு ஸ்டென்ட். ஒன்பது வருஷமாக அந்த டாக்டர்தான். ஏஜென்டுக்கு நாலு தடவை போன் போட்டபின், "வேற டாக்டரைப் பாத்துக்கலாமே சார்" என்றார். வயிறு எரிந்தது.

நூலகத்தில் கிடந்த ஒரு நோட்டீஸில்தான் 'ஷிப்' பற்றித் தெரிந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள இலவச மெடிகேர் ஆலோசனை இது. எதையும் விற்க மாட்டார்கள், கமிஷனும் கிடையாது. என்னைப் பார்த்தவர் தன்னார்வலரான ஓர் அம்மா. என் கதையைக் கேட்டுவிட்டு முதலில் காலண்டரை எடுத்தார். மார்ச் 31-ஐ இரண்டு முறை வட்டம் போட்டார். ஒன்று, அட்வான்டேஜில் இருப்பவர்கள் ஜனவரி 1 முதல் அன்று வரை ஒருமுறை வேறு அட்வான்டேஜுக்கோ அரசு மெடிகேருக்கோ மாறிக்கொள்ளலாம். இன்னொன்று, பார்ட் பி தொடங்கிய ஆறு மாதத்துக்குள் உடல்நிலை பற்றிக் கேள்வியே இல்லாமல் மெடிகேப் (அரசு மெடிகேர் கட்டாத மிச்சத்தில் பெரும்பகுதியைக் கட்டும் தனியார் காப்பீடு) வாங்கலாம். என் பார்ட் பி அக்டோபரில் தொடங்கியதால் எனக்கு அதுவும் அன்றுதான் முடிகிறது. அதைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் தவிர, ஸ்டென்டைக் காட்டி மறுக்கலாமாம்.

பிப்ரவரியிலேயே மெடிகேப்பில் 'ஜி' என்ற வகைக்கு விண்ணப்பித்து, தனி மருந்துத் திட்டத்திலும் சேர்ந்தேன். அதில் சேர்ந்ததுமே எச்.எம்.ஓ. தானாக ரத்தாகி, நான் அரசு மெடிகேருக்குத் திரும்பினேன். இப்போது மாதச் செலவு கூடத்தான். ஆனால் மார்ச்சில் அதே கவுன்டரில் கார்டைக் கொடுத்தபோது, "உள்ளே போங்க" என்றார் அந்தப் பெண். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவும் கொடுக்கலாம்.

டாக்டரின் பில்லிங் ஆபீஸுக்கு நீங்களே போன் செய்யுங்கள். கம்பெனி பெயரைச் சொன்னால் போதாது, திட்டத்தின் முழுப் பெயரையும் படித்துக் காட்டிக் கேளுங்கள். ஏஜென்ட் வந்தால், எத்தனை கம்பெனிக்கு விற்கிறார் என்று முதலில் கேளுங்கள். இந்த வருஷம் 65 ஆகும் என் மைத்துனருக்கு ஷிப் எண்ணை (1-877-839-2675) எழுதிக் கொடுத்துவிட்டேன்.