அமரோனே: பரணில் முடிவாகும் ஒயின்

இத்தாலியின் வால்போலிச்செல்லாப் பகுதியில் 100 கிலோ திராட்சையைப் பறித்த கையோடு நசுக்கி நொதிக்க வைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் ஒயின் எடுக்கலாம். அதே 100 கிலோவை, பழத்தை வாட வைத்துச் செய்யும் அமரோனே என்ற சிவப்பு ஒயினுக்கென்று ஒதுக்கினால் 40 லிட்டருக்கு மேல் சட்டமே அனுமதிக்காது. மிச்சம் 30 லிட்டர் எங்கே போனது? சன்னல் திறந்த பரணில் மூன்று நான்கு மாதம் காற்றோடு காற்றாகப் போய்விட்டது. கணக்குப் போட்டால் 750 மில்லி பாட்டில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1.9 கிலோ பழம் வேண்டும். இந்த ஒயின் ஏன் இத்தனை விலை என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இது. அந்த மாதங்களில் எத்தனை விதமாகப் பழம் கெட்டுப்போக முடியும் என்பது மீதிப் பாதி.

அமரோனே என்றதும் பெரும்பாலானவர்கள் பீப்பாயைப் பற்றித்தான் பேசுவார்கள். என்ன மரம், எத்தனை ஆண்டு, புதியதா பழையதா என்று. பீப்பாய் முக்கியம்தான். ஆனால் பழம் பீப்பாயை எட்டும் முன்பே பரணில் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

இடம், இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில் வெரோனா நகருக்கு வடக்கே லெஸ்ஸீனி மலையடிவாரம். மேற்கே கார்தா ஏரி. மலையிலிருந்து விரல்களைப்போல் பள்ளத்தாக்குகள் தெற்கு நோக்கி இறங்குகின்றன. ஃபுமானே, மரானோ, நெக்ரார், சான் பியெத்ரோ இன் கரியானோ, சாந்த் அம்ப்ரோஜோ ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததுதான் பழைய 'கிளாஸிக்கோ' பகுதி. லேபிளில் அந்தச் சொல் இருந்தால் பழம் இந்த ஐந்து ஊர்களிலிருந்து வந்தது என்று பொருள், தரச்சான்று என்று பொருளல்ல. கிழக்கே வால்பந்தேனாவும், அதற்கும் அப்பால் மெட்சானே, இல்லாஸி பள்ளத்தாக்குகளும் பிறகு சேர்க்கப்பட்டவை. சரிவுகளில் மண்ணைப் பிடித்துவைப்பது 'மரோஞே' எனப்படும், சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். சுண்ணாம்புக்கல்லும் எரிமலைப் பாறையும் மாறி மாறி வருவதால், ஒரே சரிவில் நூறு மீட்டர் நடந்தால் மண்ணின் நிறம் மாறிவிடும்.

முதன்மைப் பழம் கொர்வீனா. கலவையில் அது 45 முதல் 95 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதில் ஒரு பங்குக்குப் பதிலாக, 50 சதவீதம் வரை, கொர்வினோனேயைச் சேர்க்கலாம். கொர்வினோனே என்றால் 'பெரிய கொர்வீனா'. நெடுங்காலம் கொர்வீனாவின் ஒரு வகை என்றே நினைத்திருந்தார்கள். 1993இல்தான் தனி ரகமாகப் பதிவானது. அடுத்தது ரொந்தினெல்லா, 5 முதல் 30 சதவீதம். வாசனையில் அது பெரிய ஆள் இல்லை. ஆனால் நோய் தாங்கும், வாடும்போது சர்க்கரையை நன்றாகச் சேர்க்கும், சங்கடமான ஆண்டுகளில் கைகொடுக்கும். வெளிர்நிற மொலினாரா முன்பு கட்டாயமாக இருந்தது, இப்போது இல்லை. ஒசெலெத்தா என்ற சின்னப் பழம் மறைந்துபோகும் நிலையில் இருந்தது. கொர்வீனாவுக்கு இல்லாத துவர்ப்பையும் நிறத்தையும் அது தருவதால் சில பண்ணைகள் மீட்டெடுத்தன.

கொர்வீனாவின் பலம் அதன் தடித்த தோல். மாதக்கணக்கில் கிடந்தாலும் எளிதில் வெடிக்காது. அதன் பிடிவாதம் வேறொன்று: கிளையின் அடிமொட்டுகளில் காய் பிடிக்காது. குட்டையாகக் கவாத்து செய்தால் விளைச்சலே இருக்காது. கிளையை நீளமாக விடத்தான் வேண்டும். அதனால்தான் இங்கே 'பெர்கோலா வெரோனேஸே' என்ற பந்தல்முறை நிலைத்தது. குலைகள் இலை நிழலில் காற்றாடத் தொங்கும், வெயிலில் கருகாது. நெருக்கி நட்டுக் கம்பியில் ஏற்றும் கியோ முறைக்கு மாறியவர்கள் செடிக்குச் செடி விளைச்சலைக் குறைத்துச் செறிவைக் கூட்டுகிறார்கள். இரண்டிலும் நல்ல ஒயின் வருகிறது. பந்தலைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது சரியில்லை. வெப்பம் ஏறிவரும் கோடைகளில் அந்த நிழலுக்கு மதிப்பு கூடிக்கொண்டுதான் போகிறது.

இனி பரணுக்கு வருவோம். இத்தாலியில் அதன் பெயர் 'ஃப்ருத்தாயோ', வாட வைக்கும் முறை 'அப்பாஸ்ஸிமெந்தோ'. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை கையால் பறிப்பார்கள். பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தளர்வாக இருக்கும் குலை மட்டுமே பரணுக்குப் போகும். நெருக்கமான குலையின் நடுவில் காற்று புகாது. ஒரு பழம் அழுகினால் வெளியே தெரியும் முன்பே உள்ளே பத்து போயிருக்கும். குலைகளைப் பெட்டியில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும், ஒரு பெட்டிக்கு ஐந்தாறு கிலோ. இரண்டாவது அடுக்கு வைத்தால் கீழ்க்குலை நசுங்கும், சாறு கசியும், ஈ மொய்க்கும், அங்கிருந்தே காடியின் வாடை தொடங்கிவிடும். முன்பு பெட்டிக்குப் பதில் நாணல், மூங்கில் தட்டிகள். அவற்றின் பெயர் 'ஆரெலே'. வசந்தத்தில் பட்டுப்புழு வளர்த்த அதே தட்டிகள் இலையுதிர்காலத்தில் திராட்சைக்குப் பயன்பட்டன. சில பண்ணைகள் இன்னும் தட்டியை விடவில்லை. பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவுவது சுலபம். மூங்கிலோ ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் முந்தைய ஆண்டின் பூஞ்சையையும் பத்திரமாக வைத்திருக்கும்.

100 முதல் 120 நாள் இந்தக் காத்திருப்பு. பழம் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் 40 சதவீதம் வரை இழக்கும். பறிக்கும்போது 20 பிரிக்ஸ் (100 கிராம் சாற்றில் இத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) இருந்த சர்க்கரை 27, 28ஐத் தொடும். டிசம்பர் 1க்கு முன் பழத்தை நசுக்கக் கூடாது என்பது விதி. நாள்தோறும் பார்க்க வேண்டியது ஈரப்பதம். மூடுபனி வந்தால் சன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓட்டுவார்கள், வறண்ட காற்று வந்தால் திறந்துவிடுவார்கள். பறித்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்தானவை. பழத்தில் நீர் நிறைய இருக்கும், வெளியே வெப்பமும் இருக்கும், பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நவம்பர் குளிர் வந்துவிட்டால் ஓரளவு மூச்சு விடலாம்.

சூடேற்றி மூன்று வாரத்தில் உலர்த்தி முடித்தால் என்ன என்று தோன்றும். எடை குறையும், சர்க்கரை ஏறும், ஆனால் கிடைப்பது கெட்டியான சாறு மட்டுமே. வெட்டிய குலைக்கு உடனே உயிர் போய்விடுவதில்லை. மெல்ல வாடும்போது அது மாலிக் அமிலத்தைச் செலவழிக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள ரெஸ்வெராட்ரோல் போன்ற சேர்மங்களை உருவாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. வாசனை மாறுகிறது. புதுச் செர்ரியின் மணம் போய் மதுவில் ஊறிய செர்ரியின் மணம் வருவது இந்தக் காலத்தில்தான். இதற்குத் தேவை நேரம். அதனால்தான் விசிறியையும் காற்றோட்டக் கருவிகளையும் அனுமதிக்கும் விதிகள், வெப்பத்தால் ஈரம் நீக்கும் கருவியை அனுமதிப்பதில்லை.

பூஞ்சை விஷயத்தில் இங்கே இரண்டு கட்சி. பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை தோலுக்குள் மெல்லப் படர்ந்தால் கிளிசரால் கூடும், ஒயின் வழவழப்பாகும். இனிப்பு ஒயினுக்கு அது கொஞ்சம் இருக்கட்டும் என்பார் பழைய ஆட்கள். அதுவே ஈரத்தில் சாம்பல் அழுகலாக மாறினால் லாக்கேஸ் என்ற நொதி சுரந்து சிவப்பு நிறத்தைப் பழுப்பாக்கிவிடும், பிறகு காப்பாற்ற வழியில்லை. நிறமும் தெளிவான பழச்சுவையும் வேண்டுவோர் ஒரு புள்ளி பூஞ்சைகூட வேண்டாம் என்று பெட்டி பெட்டியாகப் பொறுக்கிக் கழிக்கிறார்கள். என் ஓட்டு இவர்களுக்கே.

டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ நசுக்கும்போது பழமும் கிடங்கும் சில்லிட்டிருக்கும். ஈஸ்ட்டுக்கு இரட்டைத் தண்டனை: குளிர் ஒருபக்கம், லிட்டருக்கு 300 கிராமை நெருங்கும் சர்க்கரை மறுபக்கம். சாதாரணச் சிவப்பு ஒயின் ஒன்றிரண்டு வாரத்தில் நொதித்து முடியும். இது 30 முதல் 50 நாள் வரை இழுக்கும். அழுத்தம் தாங்காத ஈஸ்ட் அசெட்டிக் அமிலத்தை அதிகமாக விடும். அமரோனேவில் சில சமயம் மூக்கைக் குத்தும் வார்னிஷ் வாடைக்கு அதுவும் ஒரு காரணம். 14, 15 சதவீத ஆல்கஹாலில் ஈஸ்ட் சோர்ந்து நின்றுவிட்டால் சர்க்கரை மிஞ்சும். அதனால் ஆல்கஹால் தாங்கும் ஈஸ்ட்டைத் தனித் தொட்டியில் சிறிதளவு சாற்றில் வளர்த்து, படிப்படியாகச் சாறு சேர்த்துப் பழக்கிய பிறகே பெரிய தொட்டியில் விடுவார்கள். நின்றுபோனதை மறுபடி கிளப்புவது புதிதாகத் தொடங்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

ஒரு காலத்தில் அப்படி நின்றுபோவதுதான் வழக்கமே. அந்த இனிப்பு ஒயினுக்கு ரெச்சோத்தோ என்று பெயர். குலையின் மேல்பக்கம் இருபுறமும் பிரியும் 'காது'களை வெரோனா வழக்கில் 'ரெச்சா' என்பார்கள், வெயில் பட்டு நன்றாகப் பழுத்த அந்தப் பகுதியை மட்டும் எடுத்துச் செய்ததால் வந்த பெயர். 6ஆம் நூற்றாண்டில் ஓஸ்ட்ரோகோத் அரசின் உயர் அதிகாரி கஸ்ஸியோதோருஸ், வெரோனாப் பகுதியின் 'அசினாத்திகும்' என்ற ஒயினை அரண்மனைக்கு வாங்கி அனுப்பச் சொல்லி எழுதிய கடிதம் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் பறித்துத் தொங்கவிட்டுக் குளிர்காலத்தில் பிழியும் முறையை அதில் விவரிக்கிறார். ஆக, மூத்தது ரெச்சோத்தோ. அமரோனே அதன் 'தவறிப் பிறந்த' பிள்ளை. 1936இல் நெக்ராரின் கூட்டுறவுக் கிடங்கில் மறந்துபோன ஒரு ரெச்சோத்தோ பீப்பாய் இனிப்பே மிஞ்சாமல் முழுக்க நொதித்திருந்ததாகவும், சுவைத்த கிடங்குத் தலைவர் அதெலினோ லுக்கேஸே 'இது அமாரோ இல்லை, அமரோனே' என்றதாகவும் சொல்வார்கள். அமாரோ என்றால் கசப்பு, அமரோனே என்றால் பெருங்கசப்பு. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், பெயர் நிலைத்துவிட்டது. 2010இல் அமரோனேவுக்கும் ரெச்சோத்தோவுக்கும் இத்தாலியின் உயர் தகுதியான டிஓசிஜி கிடைத்தது.

பிழிந்த அமரோனே சக்கையைத் தூக்கி எறிவதில்லை. அதில் இன்னும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் துவர்ப்பும் இருக்கின்றன. இலையுதிர்காலத்தில் வாட வைக்காத பழத்தில் செய்த இளம் வால்போலிச்செல்லா ஒயினை அதன்மேல் ஊற்றினால் மறுபடி நொதிக்கும், ஆல்கஹால் ஒரு சதவீதம்போலக் கூடும், உடலும் வலுக்கும். இதுதான் ரிபாஸ்ஸோ. கிடைத்த அமரோனே அல்லது ரெச்சோத்தோவைப்போல இரு மடங்குக்கு மேல் ரிபாஸ்ஸோ செய்யக் கூடாது, அதற்கு மேல் நீட்டினால் சக்கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. சக்கையை உலரவோ காற்றுப்படவோ விட்டால் ஒயினுக்கு ஏறுவது கசப்பும் காடியும்தான். பிழிந்த அன்றே ஊற்ற வேண்டும். மாசி நிறுவனம் 1964இல் இம்முறையில் கம்போஃபியோரின் என்ற ஒயினைக் கொண்டுவந்தது. பிற்பாடு சக்கையை விட்டுவிட்டு, பாதி வாடிய முழுப்பழத்தைச் சேர்த்து இரண்டாம் முறை நொதிக்க வைக்கும் வழிக்கு மாறியது. 'ரிபாஸ்ஸோ' என்ற சொல்லை 1988இல் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருந்ததை 2006இல் வெரோனா வணிக மன்றத்துக்கு விட்டுக்கொடுத்தது.

பண்ணைகளை அவற்றின் பாணியை வைத்துப் பார்ப்பதே பயன். பெர்த்தானி 1857இல் தொடங்கியது. அதன் முதல் அமரோனே 1958 அறுவடை. தட்டியில் உலர்த்தல், ஸ்லவோனிய ஓக்கின் பெரிய பீப்பாய்களில் ஆறேழு ஆண்டு. நிறம் ஆழமில்லை, ஆனால் பல பத்தாண்டு தாங்கும். நெக்ராரின் ஜூசெப்பே குவிந்தரெல்லி (1927-2012) இதே பெரிய பீப்பாய்ப் பொறுமையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர். மனநிறைவு தராத ஆண்டில் அந்தப் பண்ணை அமரோனே என்ற பெயரையே போடாமல் 'ரோஸ்ஸோ தெல் பேப்பி' என்று இறக்கி விற்கிறது. நேரெதிர் முனையில் இல்லாஸிப் பள்ளத்தாக்கின் ரொமானோ தல் ஃபோர்னோ: ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் செடிகள், பரண் நெடுக நகரும் தானியங்கி விசிறிகள், புதிய சிறு பீப்பாய்கள், கருமையும் கனமும். இவர் குவிந்தரெல்லியிடம் கற்றவர் என்பதை ஒயினைக் குடித்துக் கண்டுபிடிப்பது சிரமம்!

ஃபுமானேயின் அல்லெக்ரீனி வேறு வழி போனது. 1983இல் கொர்வீனா மட்டுமே கொண்டு 'லா போயா' செய்தது. கலவை விதிக்கு அது ஒத்துவராததால் வால்போலிச்செல்லா என்ற பெயரையே துறக்க வேண்டியிருந்தது. செரெகோ அலிகியேரி பண்ணையை 1353இல் வாங்கியவர் கவிஞர் தாந்தேயின் மகன் பியெத்ரோ. வழிவந்தவர்கள் கையிலேயே இன்றும் இருக்கிறது. மாசியோடு சேர்ந்து செய்யும் அமரோனேவைக் கடைசி மாதங்களில் செர்ரி மரப் பீப்பாயில் வைக்கிறார்கள்.

வாங்கும்போது முதலில் ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள். சட்டம் கேட்பது 14 சதவீதம். 15 என்றால் நிதானமான கை. 16.5 என்றால் சாப்பாட்டோடு ஒரு கோப்பைக்கு மேல் போகாது, முதிர்ந்த கெட்டிப் பாலாடைக்கட்டியோடு கடைசியில் வைத்துக்கொள்ளலாம். விற்பனைக்கு வரும் முன் குறைந்தது இரண்டு ஆண்டு, 'ரிசேர்வா' என்றால் நான்கு ஆண்டு முதிர்ந்திருக்கும். இளம் பாட்டிலை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே டிகான்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவிடலாம். இருபது வயது தாண்டியதை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் படிந்த பிறகு, ஊற்றும் நேரத்தில்தான் திறக்க வேண்டும். 18 டிகிரிக்கு மேல் சூடானால் கோப்பையிலிருந்து முதலில் எழுவது ஆல்கஹால் நெடிதான், செர்ரி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.