படலை மூலையில் விழுந்த உதை

மே 3

சுவிஸ் நாட்டுக்கே உரிய பிரைபெர்க் இனப் பெட்டை நீனாவை இன்று மற்றக் குதிரைகளோடு மேய விட்டோம். சில நாட்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, மூக்கோடு மூக்கு முகரவிட்டுப் பழக்கியாயிற்று. பின்னங்கால் லாடங்களைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். ஞாயிறு சவாரி இருக்கிறதாம், உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

மே 4

காலையில் வைக்கோலோடு போனதும் குதிரைகள் எல்லாம் வேலி வாசல் படலையடியில் நெருக்கிக்கொண்டன. நீனா காதுகளைப் பின்னுக்கு மடக்கினாள், வாலை விசிறினாள், பின்புறத்தைத் திருப்பினாள். விலகிப் போ என்று இதைவிடத் தெளிவாக எந்தக் குதிரையும் சொல்லாது. வெட்டவெளியாக இருந்திருந்தால் கிழட்டுக் குதிரை பலூ நாலடி நகர்ந்திருப்பான். அவனுக்குப் பின்னால் படலை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. உதை விழுந்தது.

இடது பின்னங்காலின் உட்புறம், கணுவுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் நகமளவு வெட்டு. நாலு சொட்டு இரத்தம். நடையில் நொண்டல் இருந்தும் இல்லாதது போல. "மருந்து பூசினால் போதாதா?" என்று நீனாவின் உரிமையாளர் கேட்டார். புட்டத்தில் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அங்கே சதை தாங்கும். இந்த இடத்தில் தோலுக்கு அடியில் உடனே எலும்பு.

மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பலூவைப் படுக்க விடாதீர்கள் என்றார். மயிரிழைக் கீறல் முதல் நாள் படத்தில் அகப்படாமல் போவதுண்டு. விளிம்பை உடல் சற்று அரித்த பிறகே கோடு தெரியும். அதற்குள் படுத்து எழும்பினால், ஐந்நூறு கிலோவும் பின்னங்காலில் ஏறும் அந்த நொடியில் எலும்பு பிளந்துவிடலாம்.

மே 9

பலூ படுக்காதபடி லாயத்தில் அவன் தலையை உயரக் கட்டியிருக்கிறோம். குதிரை நின்றபடி தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். நேற்றிரவு பலூவின் முன்னங்கால்கள் மெல்ல மடங்கின, கயிறு இழுத்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

இனி ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைக்கலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கூட்டத்தில் வாழப் பிறந்த விலங்கைத் தனிமையில் பூட்டுவதற்கு முன் இரும்பைக் கழற்றிப் பார்க்கலாமே. சூரிச் மிருக வைத்தியர்கள் இறந்த குதிரைகளின் கால் எலும்புகளை இடித்துச் சோதித்தார்கள். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இரும்பு லாடம் நான்கில் மூன்றை உடைத்தது. வெறும் குளம்பு ஒன்றையும் உடைக்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக் கட்டாக்காலிக் குதிரைகளும் உதைத்துக்கொள்ளத்தான் செய்கின்றன. அவற்றுக்கு லாடமும் இல்லை, படலை மூலையும் இல்லை.

மே 15

இரண்டாவது படத்தில் கோடு தெரிந்துவிட்டது. எலும்பு நகரவில்லை. இன்னும் பல வாரங்கள் கட்டியே வைக்க வேண்டும்.

படத்தைப் பார்த்த பிறகு லாடம் கழற்ற எவரும் மறுக்கவில்லை. படலை மூலையை நாடா வேலியால் வளைத்து மூடினோம். வைக்கோலைத் தலைக்கு ஒன்று, மேலதிகமாக இரண்டு குவியல் என்று தூரத் தூரப் போட்டோம். நீனா மீண்டும் மேய்ச்சலில். இரண்டு முறை பின்புறத்தைத் திருப்பினாள், மற்றவை விலகிப் போயின.

பலூவுக்குத் தானியத்தை நிறுத்தியாயிற்று. அசையாமல் நிற்கும் குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் அது வேறு தலையிடி. நாளை முதல் உலர்புல் மட்டும்.