நம் கோடுக்கு அடியில் இருப்பது

பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலையில் பாதுகாப்பு என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் நாம் எழுதிய கோடைப் பற்றித்தான் பேசுவோம். அதற்கு அடியில் ஓடுகிற ஜாவாவோ பைத்தானோ எந்தப் பதிப்பு என்று கேட்பவர்கள் குறைவு. சர்வரை முதலில் அமைத்தவர் எதை நிறுவினாரோ அதுவே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

என் பார்வையை மாற்றியது 2022 ஏப்ரலில் வெளியான ஜாவா பாதுகாப்பு ஓட்டை. செய்தியை அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்யும் ஈசிடிஎஸ்ஏ முறை டிஜிட்டல் கையெழுத்தில் இரண்டு எண்கள் உண்டு. சரிபார்க்கும்போது அவை பூஜ்யம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். ஜாவா 15-க்காக அந்தப் பகுதியை சி++-லிருந்து ஜாவாவுக்கு மாற்றி எழுதியபோது இந்தச் சோதனை விடுபட்டுப் போனது. இரண்டு எண்களும் பூஜ்யமாக இருக்கும் வெற்றுக் கையெழுத்தை அனுப்பினால் போதும், எந்தச் செய்தியும் எவருடைய பெயரிலும் செல்லுபடியாகிவிடும். லாகின் செய்தவருக்கு அடையாளமாக நாங்கள் தரும் டோக்கன்களைச் சரிபார்த்ததும் இதே ஈசிடிஎஸ்ஏதான். நாங்கள் ரிவ்யூ செய்த கோடில் ஒரு வரிகூடத் தவறில்லை, ஆனாலும் கதவு திறந்து கிடந்தது. அன்று எனக்கு வந்த பயம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பழைய பதிப்புகளான ஜாவா 8-ஐயும் 11-ஐயும் இந்த ஓட்டை தொடவில்லை. "பார்த்தீங்களா, பழசுலயே இருந்திருக்கலாம்" என்று டீமில் உடனே பேச்சு எழுந்தது. இங்கேதான் பலர் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஜாவா 8-இல் இருப்பது ஒன்று, பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) போடாத ஜாவா 8-இல் இருப்பது வேறொன்று. ஜாவா 8-க்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வந்ததைப் போடாமல் விட்டால், சரிசெய்த ஓட்டைகளின் பட்டியலே தாக்க வருபவனுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது.

சரி, பேட்ச் போட்டாயிற்று. ஆனால் ரீஸ்டார்ட் செய்தோமா? லினக்ஸில் நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரிக் கோப்பை மாற்றினாலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அதாவது ப்ராசஸ், பழையதை மெமரியில் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். அதன் மெமரி மேப்பைத் திறந்தால் லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்திலேயே 'நீக்கப்பட்டது' என்ற குறிப்பு நிற்கும். ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனரோ டிஸ்க்கில் உள்ள புதிய பதிப்பைப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டும். நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி ஓட்டும் கன்டெய்னர் என்றால் இன்னும் மோசம்: அது ஓடும் சர்வரான ஹோஸ்ட்டை எவ்வளவு அப்டேட் செய்தாலும், இமேஜ் என்ற அந்தப் பொதியைத் திரும்ப பில்ட் செய்து டிப்ளாய் செய்யும்வரை உள்ளே இருப்பது பழைய ரன்டைம்தான், அதாவது பழைய ஜாவாவோ பைத்தானோதான்.

அப்டேட் செய்தால் ஏதாவது உடைந்துவிடுமோ என்ற தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மிகப் பெரிய எண்ணைச் சரத்தில் கொடுத்து சர்வரைத் திணறடிக்கலாம் என்பதால், பைத்தான் 2022 செப்டம்பரில் 4300 இலக்க வரம்பு கொண்டுவந்தது. 3.10.7 போன்ற சின்ன வெளியீடுகளிலேயே அது வந்ததால், பெரிய எண்களோடு வேலை செய்த சில நிரல்கள் உண்மையிலேயே பிழை காட்டி நின்றன. அதனால்தான் அடிக்கடி, சிறிது சிறிதாக அப்டேட் செய்வதை நான் வற்புறுத்துகிறேன். ஒரே ஒரு மாற்றம் உடைத்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம், மூன்று ஆண்டு மாற்றங்கள் சேர்ந்து உடைத்தால் எங்கே தேடுவது?

ஜாவாவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியாகும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் மூன்றாவது செவ்வாய் எங்கள் காலண்டரில் முன்கூட்டியே குறித்திருக்கும். முதலில் ஸ்டேஜிங் என்ற சோதனைச் சூழல், அப்புறம் பயனர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷன். முடிந்ததும் டிஸ்க்கை நம்பாமல், ஓடும் ப்ராசஸிடமே பதிப்பைக் கேட்டுப் பட்டியல் எடுக்கிறோம். அதில் யாருக்கும் சொந்தமில்லாத சேவை ஏதாவது தலைகாட்டினால், அதற்கு ஒரு பொறுப்பாளரைக் கண்டுபிடித்த பிறகே அந்த வேலையை முடிந்ததாகக் கணக்கில் வைக்கிறோம்.